சாமி இல்லையாம், வழக்கமாம்

பிரான்சில் எனக்கு ஒரு பூசணிக்காயால் வேலை போனது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் போன ஆயுத பூஜையன்று எங்கள் குப்பை வண்டி ஷெட்டில் நடந்ததைச் சொன்னால் ஒருத்தரும் சிரிப்பதில்லை, கோபப்படுவதும் இல்லை. "இதுல இன்னாப்பா இருக்குது, வழக்கம்தானே" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ஆகாது. இரண்டு தேசத்தில் அதைக் கேட்டுவிட்டேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு காலனியில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி. எனக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. கரும்பு வெட்டினேன், திருப்பூரில் சாயத்தில் நின்றேன், கேரளாவில் கல் சுமந்தேன். அதற்கெல்லாம் முன்னால் வெள்ளிமலைக்குப் போகும் ஷேர் ஜீப்பில் கிளீனராக இருந்தேன். பூஜை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான். கோயிலில் இல்லை. எங்கள் ஊர்க் கோயிலுக்குள் நாங்கள் போனதில்லை.

ஜீப்புக்கு ஆயுத பூஜையன்று ஒரு நாள் ஓய்வு. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பூசணிக்காயில் ஓட்டை போட்டு உள்ளே குங்குமத்தைக் கொட்டி ரோட்டில் உடைப்போம். ஒரு வருஷம் உடைக்காமல் கிளம்பிய பக்கத்து ஜீப் மலை வளைவில் கவிழ்ந்தது. பிரேக் போனதால்தான் கவிழ்ந்தது என்று எனக்கும் தெரியும், அதை ஓட்டினவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன? அடுத்த வருஷம் அவன் இரண்டு பூசணிக்காய் உடைத்தான்.

அப்புறம் புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். ஓட்டல்காரரின் தம்பி பிரான்சில் ஓட்டல் வைத்திருந்தார். அங்கேயும் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்றார். போனேன். சில வருஷம் அவருடைய நிலவறையில் கழுவினேன், அங்கேயே தூங்கினேன். முறையான பேப்பர் கைக்கு வந்ததும் அந்தச் சிற்றூரின் நகரசபையில் குப்பை வண்டியில் ஏற ஆள் கேட்டார்கள். யாருக்கும் பிடிக்காத வேலை. எனக்குப் பிடித்தது. வெளிக்காற்று இருந்தது. அங்கே என் சாதி யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவள் எந்தத் தெரு, எந்தச் சாமி என்று கேட்கவில்லை. கையை நீட்டச் சொன்னாள், போட்டாள், அனுப்பினாள். அந்த ஊரைப் பற்றி நான் என்ன திட்டினாலும் இதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

குப்பை லாரியின் பின்னால் படியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பின்வாயில் ஒரு இரும்புத் தகடு இருக்கும். குப்பையை உள்ளே இழுத்து அமுக்கும். எனக்கு முன்னால் அந்தப் படியில் நின்றவனின் கை அதில் மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. அவன் இடத்துக்குத்தான் நான் வந்தேன். தினமும் அந்தத் தகட்டைப் பார்க்கும்போது எனக்கு மலை வளைவு ஞாபகம் வரும். புரட்டாசி வந்தது. கை சும்மா இருக்கவில்லை.

அந்த மாதம் அங்கே கடைக்குக் கடை பூசணிக்காய் குவித்திருப்பார்கள். மஞ்சளாக, உருண்டையாக. அவர்களுக்கு அப்போது பேய் வேஷம் போடும் ஒரு விளையாட்டு நாள் வரும். பிள்ளைகள் பூசணிக்காயில் கண், மூக்கு வெட்டி விளக்கு வைப்பார்கள். நான் ஒரு காய் வாங்கினேன். தமிழ்க்கடையில் குங்குமம் வாங்கினேன். விடிகிற நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் யார்டுக்குப் போய், லாரிக்குப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கேட்டுக்கு அருகே காயை உடைத்தேன். சிமெண்ட் தரையில் சிவப்பாகத் தெறித்தது.

வேலைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். முதலில் பயந்தார்கள், அப்புறம் பூசணிக்காய் என்று தெரிந்ததும் சிரித்தார்கள். ஒருத்தன் பேய் மாதிரி ஊளையிட்டான். செல்போனில் படம் எடுத்தார்கள். யார்டின் பொறுப்பாளர் காபியோடு வந்தார். அவரும் சிரித்தார். "பேய் நாளுக்கா? நன்றாகச் செய்திருக்கிறாய்" என்று தோளில் தட்டினார்.

நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். இந்தக் கதையே இல்லை.

"இல்லை. சாமிக்கு" என்றேன். எனக்குப் பிரெஞ்சு கால்வாசி, கைஜாடை முக்கால்வாசி. அவருக்குப் புரியவில்லையோ என்று லாரியின் பொட்டைக் காட்டி, கை கூப்பியும் காட்டினேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. காபியைக் கீழே ஊற்றிவிட்டு, தண்ணீர்க் குழாயை என் கையில் கொடுத்தார்.

எங்கள் லாரியை ஓட்டியவர் அல்ஜீரியாக்காரர், முஸ்லிம், வயசானவர். வண்டி கிளம்பியதும் தலையில் அடித்துக்கொண்டார். "மடையா. பேய்க்கு என்று சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பான். கடவுளுக்கு என்று ஏன் சொன்னாய்?"

"கேட்டார், சொன்னேன்."

"இந்த ஊரில் பேய்க்கு அனுமதி உண்டு. கடவுளுக்குத்தான் கிடையாது. அதிலும் உன் கடவுள், என் கடவுள் என்றால் கேட்கவே வேண்டாம்."

கடிதம் வந்தது. பொதுச் சேவை வண்டியில் மதச் சின்னம் வைத்தேன் என்று இருந்தது. விசாரணைக்கு நகரசபைக் கட்டிடத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு அம்மாள் எதிரே உட்கார்ந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குரல் உயரவே இல்லை. "இந்த வண்டி எல்லோருடைய வண்டி. எல்லோருடையது என்பதால் அதில் யாருடைய கடவுளும் ஏறக் கூடாது. உங்கள் வீட்டில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்றார்.

பொய் சொல்லக் கூடாது. அது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் பொது என்று பேர் வைத்த எதுவும் எங்களுக்குப் பொதுவாக இருந்ததில்லை. பொதுக்கிணறு, பொதுப்பாதை, பொதுக்கோயில், எல்லாம் பேர்தான். இங்கே ஒரு அரசாங்கம் எல்லோருக்கும் ஒரே கோடு போட்டு, சாமியையெல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்க வைக்கிறது என்றால், என் சாமியும் வெளியே நிற்கட்டும் என்று நினைத்தேன். தப்புதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனிமேல் செய்ய மாட்டேன் என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. கடைசிக் காகிதத்தை வாங்க அதே கட்டிடத்துக்குப் போனேன். கதவைத் திறந்ததும் கூடத்தின் நடுவில் பெரிய மரம், விளக்கு, நட்சத்திரம். அதன் அடியில் வைக்கோல் போட்டு மாட்டுக்கொட்டகை. மரத்தில் செய்த மாடு, கழுதை, மண்டியிட்ட தாய், பக்கத்தில் தகப்பன், நடுவில் ஒரு சின்னத் தொட்டில். தொட்டில் காலி. ஏசு பிள்ளையைக் கிறிஸ்துமசுக்கு முந்தின நாள்தான் கொண்டுவந்து வைப்பார்களாம்.

அந்த அம்மாள் காகிதத்தோடு வந்தார். நான் கொட்டகையைக் காட்டி, "இது?" என்றேன்.

அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்று நிஜமாகவே புரியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். பொய் சொல்கிற முகம் என்றால் எனக்குத் தெரியும், நிறையப் பார்த்திருக்கிறேன். இது அந்த முகம் இல்லை. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஓ, இதுவா? இது மதம் இல்லை. இது எங்கள் வழக்கம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்றார்.

அந்தக் கட்டிடத்தில் தரை துடைக்கிறவள் எங்கள் அல்ஜீரிய டிரைவரின் மனைவி. தலைத்துணியை வாசலிலேயே கழற்றிப் பையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அன்றைக்கும் துடைத்துக்கொண்டிருந்தாள். வைக்கோல் உதிர்ந்து கிடந்ததை அந்தத் தொட்டிலைச் சுற்றிக் குனிந்து பொறுக்கினாள். என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேர் சாமியும் பையில். அவர்கள் சாமி மட்டும் கூடத்தின் நடுவில். அதற்குச் சாமி என்று பேரே இல்லை. ஏசு செத்த கிழமை என்று பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குக் கறி இல்லாமல் மீன் போடுவார்கள், கேட்டால் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் சர்ச் மணி அடித்து ஊரையே எழுப்புவார்கள், கேட்டால் வழக்கம். நான் வருஷத்துக்கு ஒரு நாள் ஒரு இரும்புத் தகட்டிடம் என் விரலை விட்டுவிடு என்று கேட்டேன். அது மதம்.

கோடு போட்டதற்கு எனக்குக் கோபம் இல்லை. கோட்டை அவர்கள் வீட்டு வாசலுக்கு வெளியே போட்டுவிட்டு, எல்லோருக்கும் பொது என்று சொன்னதற்குத்தான் கோபம்.

வேலை இல்லை என்றால் அங்கே தங்கும் அட்டை இல்லை. திரும்பி வந்தேன். ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வேலை குப்பை. ஒப்பந்தத்தில் மினி லாரி டிரைவராகச் சேர்ந்தேன். வீடு வீடாகக் குப்பை எடுக்கும் பேட்டரி வண்டிகள் தெருமுனையில் வந்து நிற்கும். அதையெல்லாம் என் லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஷெட்டில் எனக்குப் பேர் 'பாரீசு'.

என் லாரிக்குக் குப்பை கொண்டுவருகிறவர்களில் ஒரு அக்கா. புருஷன் இல்லை. ஒரே மகள், நர்சிங் படிக்கிறாள். அக்கா ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையில் லீவு கேட்டு, மற்ற ஆறு நாளும் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் காலனியில் ஒரு தகரக்கொட்டகை ஜெபவீடு இருக்கிறது. ஆனால் காகிதத்தில் அக்கா இந்து. மகளும் இந்து. இருந்தாக வேண்டும். கிறிஸ்தவர் என்று எழுதினால் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது, மகளுக்கு உதவித்தொகை கிடையாது, படிப்பும் கிடையாது. மதம் மாறினால் சான்றிதழ் மட்டும்தான் போகிறது. ஊர்த்தெருவில் டீ கொடுக்கிற விதம் எதுவும் மாறுவதில்லை. போன புரட்டாசியில் அந்தச் சான்றிதழ் திரும்பச் சரிபார்ப்புக்குப் போயிருந்தது. வி.ஏ.ஓ. கையெழுத்துக்காக அக்கா தினமும் வேலை முடிந்ததும் ஆபீசுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஆயுத பூஜையன்று ஷெட்டில் வாழைமரம் கட்டினார்கள். மைக் செட்டு. வண்டிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி, அவரவர் வண்டியை அவரவர் கழுவிப் பொட்டு வைக்க வேண்டும். நான் என் லாரிக்கு வைத்தேன். எந்தக் கடிதமும் வராத பூஜை. உண்மையைச் சொன்னால், வருஷக்கணக்கில் அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து, கொஞ்சம் ஜாஸ்தியாகவே சந்தனம் பூசினேன்.

அக்கா தன் வண்டியைப் பளபளவென்று கழுவியது. துடைத்தது. அப்புறம் பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

சூப்பர்வைசர் செல்போனைத் தூக்கிப் பிடித்து வரிசையைப் பார்த்தார். வாட்ஸ்அப் குரூப்புக்குப் படம் அனுப்ப வேண்டும்.

"இந்தாம்மா, எல்லா வண்டியும் கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது, உன்னுது மட்டும் ஏன் மூளியா நிக்குது?"

புருஷன் இல்லாத பொம்பளையைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"கழுவிட்டேங்க" என்றது அக்கா.

"கழுவுனா ஆச்சா? பொட்டு?"

"வண்டி சுத்தமா இருக்குதுங்க. அது போதும்ங்க."

"ஓகோ. ஞாயித்துக்கெழம அல்லேலூயாவா?" சூப்பர்வைசர் இப்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார். "பேப்பர்ல இந்து, ஷெட்டுல வேறயா? வி.ஏ.ஓ. எனக்கு மச்சான் முறைதான். ஒரு போன் போட்டுச் சொல்லட்டா, இந்தம்மா பொட்டு வெக்க மாட்டேங்குது, சாமி வேறயாம்னு?"

அக்காவின் கை முந்தானையைப் பிடித்தது. மறுத்தால் மகளின் படிப்பு போகும். பொட்டு வைத்தால், ஞாயிற்றுக்கிழமை அந்தத் தகரக்கொட்டகையில் முட்டி போடும்போது அதற்கு என்ன ஆகுமோ, அது அக்காவுக்குத்தான் தெரியும்.

"சார், விடுங்க. அவங்க சாமிய அவங்க கும்பிட்டுக்கினு போறாங்க. வண்டி கவர்மெண்டு வண்டிதானுங்க" என்றேன்.

"யார்ரா அது, பாரீசு துரையா? இது ஒண்ணும் பாரீசு இல்ல." பிறகு அக்காவைப் பார்த்து, குரலை இறக்கி, அன்பாகவே சொன்னார். "ஏம்மா, இது சாமி கும்பிடறதே இல்லம்மா. வழக்கம். வழக்கத்துக்கு ஒரு பொட்டு வெச்சா உன் ஏசு இன்னா கோச்சிக்கவா போறாரு?"

எனக்குக் காதில் அந்தப் பிரெஞ்சு அம்மாளின் குரல் கேட்டது. அதே இறக்கம், அதே அன்பு. இவரும் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பூசணிக்காயைக் காலடியில் வைத்துக்கொண்டு, இது சாமி இல்லை என்று நம்பினார். இவர்களுக்கெல்லாம் தங்கள் சாமி காற்று மாதிரி. மூச்சு விடுகிறவனுக்குக் காற்று தெரியாது. அடுத்தவன் சாமி மட்டும் புகை மாதிரி கண்ணைக் கரிக்கும்.

அவர் கிண்ணத்தை நீட்டினார். அக்கா ஒரு விரலைத் தூக்கியது. தூக்கின விரல் கிண்ணத்துக்கு மேலேயே நின்றது.

நான் பிரான்சில் உண்மை சொல்லிக் கெட்டவன். இந்தத் தடவை பொய் சொன்னேன்.

"சார், கிண்ணத்த எடுங்க! அவங்க தொடக் கூடாது. அவங்க வூட்ல சாவு. பங்காளி வூட்ல பெரியவரு நேத்து போயிட்டாரு. இன்னும் காரியம் முடியல. தீட்டு."

சூப்பர்வைசர் நெருப்பைத் தொட்டவர் மாதிரி கிண்ணத்தை இழுத்துக்கொண்டார். இரண்டு அடி பின்னால் போனார். "இத மொதல்லயே சொல்ல வேணாமாம்மா? பூஜ நேரத்துல... அய்யய்யோ. வண்டிய அந்தச் சுவத்துக்குப் பின்னால தள்ளும்மா. நீயும் அங்கயே நில்லு."

சட்டம், நம்பிக்கை, மனசாட்சி என்று அக்கா ஆயிரம் சொல்லியிருந்தாலும் இந்த ஊரில் எடுபட்டிருக்காது. தீட்டு என்றதும் கப்பென்று எடுபட்டது. அக்கா வண்டியைச் சுவருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனது. படம் எடுத்தார்கள். படத்தில் மூளி வண்டி இல்லை. பொரி கொடுக்கும்போது சூப்பர்வைசர் எல்லோருக்கும் கையில் கொடுத்தார். அக்காவின் பொட்டலத்தை மட்டும் தரையில் வைத்துவிட்டு, "எடுத்துக்கம்மா" என்று சொல்லி நகர்ந்தார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். சமயத்தில் மூளை வேலை செய்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தெருமுனையில் அக்கா குப்பையைக் கொட்ட வந்தது. நன்றி சொல்லும் என்று லாரியை விட்டு இறங்கினேன்.

"யாரு செத்தாங்க எங்க வூட்ல?"

"சும்மா சொன்னேன்க்கா. பொண்ணு சர்டிபிகேட்டு போயிடக் கூடாதுன்னு..."

"வேற வார்த்த கெடைக்கலியா உனக்கு? ஒடம்பு சரியில்லன்னு சொல்லு. பைத்தியம்னு சொல்லு, பரவால்ல. தீட்டுன்னு சொன்ன." குரல் உயரவில்லை. கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே பேசியது. "எங்கப்பாவ அந்த வார்த்தயச் சொல்லித்தான் கெணத்துப் பக்கம் வரவுடல. அத இனிமே கேக்கக் கூடாதுன்னுதான் நாங்க சர்ச்சுக்குப் போனோம். அந்தாளு என்னைப் பாத்து ரெண்டடி நவுந்தான் பாரு, அதப் பாத்தியா நீ? நீயும் அதே மாதிரி காலனியிலதான தம்பி பொறந்த?"

அன்று சாயந்திரம் ஷெட்டைக் கூட்டும்போது பொரிப் பொட்டலம் வைத்த இடத்திலேயே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. என் லாரியில்தான் ஏற்றினேன்.

பொய் அதோடு முடியவில்லை. பதினாறு நாள் காரியம் முடிகிற வரை அக்கா ஷெட்டுப் பானையில் தண்ணீர் மொள்ளக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார், "கோச்சிக்காதம்மா, வழக்கம்" என்று. பதினாறு நாளும் அக்கா வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து சுவருக்குப் பின்னால் நின்று குடித்தது. நான் தினமும் பார்த்தேன். ஒரு நாளும் வாயைத் திறந்து, அது நான் சொன்ன பொய் என்று சொல்லவில்லை. சொன்னால் சான்றிதழ் போகும். அதற்குள் வி.ஏ.ஓ. கையெழுத்தும் போட்டுவிட்டார். மகள் படிக்கிறாள்.

பதினேழாம் நாள் காலையில் எல்லோரும் ஷெட்டில் இருந்தோம். அக்கா நேராகப் பானைக்குப் போனது. டம்ளரில் மொண்டு, சூப்பர்வைசரைப் பார்த்துக்கொண்டே முழுதாகக் குடித்தது. டம்ளரைக் கவிழ்த்தது. வண்டியை எடுத்துக்கொண்டு என் லாரியைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நிறுத்தியது.

"அடுத்த வருசம் யாரச் சாவடிக்கப் போற தம்பி?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டது. புரட்டாசி திரும்ப வருகிறது.